டிபிஎஃப் விளக்கு எரிகிறது, சூட்டு முள் ஏறுகிறது: சிறு ட்ரக்டரில் எரிப்பதா, கழுவுவதா, மாற்றுவதா, கழற்றுவதா?

சேறடிப்பு நடக்கிற வாரத்தில் ட்ரக்டரின் டாஷில் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டியின் செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையின் சம்மாந்துறை வட்டைகளிலும் யோசனைக்குக் குறைவில்லை. "சும்மா ஓட்டு, தானா எரிஞ்சிரும்" என்பார் ஒருவர். "நிப்பாட்டிப் பட்டனை அமத்து" என்பார் மற்றவர். கராஜில் "கழட்டிக் கழுவித் தாறம்" என்பார்கள். "உள்ளுக்கு இருக்கிறதைக் குடைஞ்சி எறி, தொல்லை முடிஞ்சிது" என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். இதில் எந்த வழி உங்கள் மிஷினுக்குச் சரி என்பது, வடிகட்டியில் அடைத்திருப்பது என்ன, அது ஏன் அடைத்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் தெரிவுசெய்யும் எந்த வழியும் அடுத்த போகத்தில் திரும்பவும் அதே விளக்கைக் கொண்டுவரும்.

முதலில், இது உங்கள் பிரச்சினைதானா என்று பாருங்கள். டிபிஎஃப் என்பது புகைக் கரியைப் பிடித்துவைக்கும் பீங்கான் வடிகட்டி. அமெரிக்காவில் 19 முதல் 56 கிலோவாற் வரையான டீசல் இயந்திரங்களுக்கு 2013இல் கரி அளவு ஒரு கிலோவாற் மணிக்கு 0.03 கிராம் என்று இறுகியது. ஐரோப்பாவில் 2019இல் அது 0.015 ஆனது. அந்தச் சந்தைகளுக்காகவும் ஜப்பானுக்காகவும் செய்த 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட பல சிறு ட்ரக்டர்களில் கணினி டீசலை அளந்து அடிக்கும் கொமன் ரெயில் இயந்திரமும் டிபிஎஃப்பும் சேர்ந்து வந்தன. 25 குதிரைவலுவுக்குக் கீழே பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் டிரெம் 4 என்ற புகை விதி 2023 ஜனவரியில் 50 குதிரைவலுவுக்கு மேற்பட்ட ட்ரக்டர்களுக்கு மட்டுமே வந்தது, ஆகவே அந்த விதிக் காலத்தில் செய்த, அதற்குக் குறைந்த இந்திய ட்ரக்டர்களில் இந்த வடிகட்டியைத் தேட வேண்டாம். சைலன்சர் இருக்கவேண்டிய இடத்தில் பருத்த உருளையும், அதில் இரண்டு மெல்லிய ஹோஸும், இரண்டு மூன்று வெப்பச் சென்சர் வயர்களும் இருந்தால் அது டிபிஎஃப்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: கரியா, சாம்பலா? கரி என்பது எரியாத எரிபொருள். 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எரிந்து போய்விடும். சாம்பல் என்பது எஞ்சின் ஒயிலில் சேர்க்கப்பட்ட கல்சியம், நாகம் போன்றவற்றின் மிச்சம். எத்தனை தரம் எரித்தாலும் அது போகாது. கரி அடைப்புக்கு எரிப்பு போதும், சாம்பல் அடைப்புக்குக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, மிஷின் நிற்கிற நேரம். ஐப்பசியில் ஒரு நாள் நிற்பதும் வைகாசியில் ஒரு கிழமை நிற்பதும் ஒரே விலை ஆகாது. குளத்துத் தண்ணீர் முறை போட்டு வருகிற இடங்களில், உங்கள் முறை நாளில் மிஷின் நின்றால் இழப்பு உழவுக் கூலியோடு முடியாது.

மூன்றாவது, நீங்கள் அடிக்கிற டீசலும் ஊற்றுகிற ஒயிலும். இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது, குளிரூட்டும் அமைப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. வடிகட்டியிலுள்ள கரியை எரிக்கும்போது பொனற்றுக்குள் சூடு கூடும். றேடியேற்றர் ஏற்கனவே விளிம்பில் நின்றால் அந்தச் சூட்டை அது தாங்காது.

கடைசியாக, பில்லில் வராத செலவு: ஒயிலில் டீசல் கலப்பது, எஞ்சின் கணினியை ரீசெற் பண்ணக் கம்பெனி ஸ்கேனர் தேவைப்படுவது, பிறகு விற்கப்போகும்போது குறையும் விலை.

## விளக்கையும் முள்ளையும் பிரித்துப் பாருங்கள்

வடிகட்டியில் 600 டிகிரி இருப்பதால் எஞ்சின் கொதிக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். புகைபோக்கிச் சூடும் தண்ணீர்ச் சூடும் வேறு. நல்ல எஞ்சினில் எரிப்பு நடக்கும்போதும் தண்ணீர் 80 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். எரிப்பு தொடங்கியதும் முள் சிவப்புக்குப் போனால், எரிப்பு அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்தது என்றுதான் எடுக்க வேண்டும். குறை றேடியேற்றர் பக்கம் இருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வடிகட்டி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் பின்னழுத்தம் கூடும், எஞ்சின் அதே வேலைக்குக் கூடுதல் டீசல் எரிக்கும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகும். மறுபக்கம், எஞ்சின் கொதித்தால் கணினி வலுவைக் குறைத்து எரிப்பையும் நிறுத்திவிடும், கரி தேங்கும்.

எங்கள் பக்கத்துக் கராஜ்களில் வழமையாக நடக்கிற ஒரு வேலை இந்த இடத்தில் பெரிய கெடுதல் செய்கிறது. சூடு ஏறுகிற மிஷினில் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் அது கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தோடு போய்விடும். டிபிஎஃப் உள்ள எஞ்சினில் நிலைமை வேறு. தண்ணீர் ஏறத்தாழ 65 டிகிரியைத் தொடாவிட்டால் பல மாடல்களில் கணினி எரிப்பைத் தொடங்கவே விடாது. தேர்மோஸ்டற் இல்லாத எஞ்சின் காலைக் குளிரிலும் லேசான வேலையிலும் அந்தச் சூட்டுக்கு வராது. சூட்டுக்கு மருந்து என்று செய்த வேலை வடிகட்டியை அடைத்து, அடைத்த வடிகட்டி திரும்பவும் சூட்டைக் கூட்டும். உங்கள் மிஷினில் எரிப்பு தொடங்க மறுத்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: தேர்மோஸ்டற் உள்ளே இருக்கிறதா? பெரும்பாலான சிறு எஞ்சின்களில் அது 71 முதல் 82 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். கொதிக்கிற தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்தால் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

## வழி 1: ஓடியபடியே எரிய விடுவது

கரி ஓரளவு சேர்ந்ததும் கணினி தானாகவே தொடங்கும் எரிப்பு இது. பிந்திய ஊசியடிப்பில், அதாவது வழக்கமான அடிப்புக்குப் பிறகு சிலிண்டருக்குள் திரும்ப அடிப்பதில், கொஞ்சம் டீசலைப் புகையோடு அனுப்பி, வடிகட்டிக்கு முன்னாலுள்ள வினையூக்கியில் அதை எரித்து, சூட்டை ஏற்றும். இதற்குத் தனிச் செலவு இல்லை, மிஷினும் நிற்காது.

எப்போது இது நல்ல வழி: றொட்டவேட்டர் போட்டுச் சேறடிக்கும்போது. பிடிஓவை (கருவியைச் சுழற்றும் பின் தண்டு) 540 சுற்றுக்கு வைத்தால் பல சிறு ட்ரக்டர்களில் எஞ்சின் 2,500 சுற்றுக்கு மேல் நிற்கும். பாரமும் இருக்கிறது, புகையும் சூடாக இருக்கிறது, கரி ஒழுங்காக எரியும். ஒரு நாள் முழுதும் சேறடிக்கிற மிஷினுக்கு விளக்குப் பிரச்சினை குறைவாக வருவது இதனால்தான்.

எப்போது சரிவராது: நெல் மூடை ஏற்றிய பெட்டியோடு வயலுக்கும் ஆலைக்கும் மெதுவாக ஓடும்போது, மருந்து தெளிக்கும்போது, வரம்பில் நின்று கதைக்கிற நேரம் எஞ்சினை ஓடவிடும்போது. 900 சுற்றில் அரை மணி நேரம் ஓடுகிற எஞ்சின் கரியை உண்டாக்குமே ஒழிய எரிக்காது. தேத்தண்ணி குடிக்கப் போகிறவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

இதில் மறைந்திருக்கிற செலவு ஒயிலில் இருக்கிறது. எரிப்பு நடுவில் சாவியைத் திருப்பி நிறுத்தினால், உள்ளே அடித்த டீசலில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங் வழியாக ஒயில் சம்பில் இறங்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஒயில் மட்டம் ஏறும். தினமும் காலையில், ஸ்டார்ட் பண்ணுமுன், சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து டீசல் மணத்தால், ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றும்வரை மிஷினை வேலைக்கு விடக்கூடாது. ஒயில் குறைந்தால் பயப்படுகிற ஆட்கள் கூடினால் பேசாமல் இருக்கிறார்கள். இந்த எஞ்சினில் கூடுவதுதான் பேரிங்கைத் தின்கிறது.

சில மிஷின்களில் எரிப்பைத் தடுக்கும் சுவிச் இருக்கும். அறுவடைக்குப் பின் காய்ந்த வைக்கோல் கிடக்கிற வயலில் அதைப் போடுவது சரி. ஆனால் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். போகம் முழுதும் அதை எடுக்காமல் ஓட்டிவிட்டு விளக்கைக் குறை சொல்பவர்கள் பலர்.

## வழி 2: நிறுத்தி எரிப்பது

விளக்கு மின்னத் தொடங்கி, வலு குறைந்து, ட்ரக்டர் பாரம் இழுக்கச் சிணுங்கினால் இந்தக் கட்டம். ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடம் எடுக்கும், ஒன்றிரண்டு லீற்றர் டீசல் போகும். கரி அடைப்புக்குப் பணத்துக்கு ஏற்ற வழி இதுதான், ஒழுங்காகச் செய்தால்.

1. வைக்கோல், சருகு, புல் இல்லாத வெறுந்தரை அல்லது கொங்கிரீட்டில் நிறுத்துங்கள். ஓலைக் கொட்டில், சாக்கு அடுக்கு, டீசல் கேன் எதுவும் புகைபோக்கிப் பக்கம் இரண்டு மூன்று மீற்றருக்குள் இருக்கக்கூடாது. மூடிய கொட்டிலுக்குள் செய்யவே வேண்டாம், காபன் மொனொக்சைட் உயிரைக் குடிக்கும்.
2. பொனற்றைத் திறந்து டிபிஎஃப் உடலையும் டேர்போவையும் சுற்றிச் சேர்ந்திருக்கும் சண்டு, வைக்கோல் தூள், ஒயில் கசிவு எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். குளிர்ந்திருக்கும்போது செய்கிற வேலை இது.
3. ஒயில் மட்டம், றேடியேற்றர் தண்ணீர், டீசல் கால் தாங்கியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.
4. எஞ்சினைத் தண்ணீர் 65 டிகிரி தாண்டும்வரை ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு கியர் நியூட்ரல், பிடிஓ ஓஃப், பார்க்கிங் பிரேக் போட்டு, கைத் திரொட்டிலை முழுதாக இறக்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் எரிப்பு தொடங்காது.
5. சுவிச்சை அமத்துங்கள். சுற்று தானாக ஏறும். தொடக்கத்தில் லேசான வெண்புகையும் காரமான மணமும் வரலாம். கிளச்சையோ பிரேக்கையோ தொட்டால் பல மாடல்களில் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.
6. விளக்கு அணைந்து சுற்று இறங்கிய பின்னும் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, டேர்போ ஆறியபின் நிறுத்துங்கள்.

எரிப்பு நடக்கும்போது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், சூட்டு முள்ளில் கண் இருக்க வேண்டும்.

இரண்டு தரம் முயன்றும் முடியவில்லை என்றால் மூன்றாந்தரம் முயல வேண்டாம். தயாரிப்பாளர்கள் கரி அளவைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மேல் படியில் கணினியே சுவிச்சை மறுத்துவிடும், ஏனென்றால் அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே மூச்சில் எரிந்தால் பீங்கான் வெடிக்கும் அல்லது உருகும். அந்த நிலையில் ஸ்கேனர் உள்ள முகவரின் ஆள் மெதுவாக எரிப்பதோ கழற்றுவதோதான் வழி.

எரிப்பு முடிந்து சில மணி நேரத்திலேயே விளக்கு திரும்ப வந்தால், கழற்றுமுன் பார்க்கவேண்டியவை: அழுத்தச் சென்சருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸும் வெடித்தோ கரி அடைத்தோ இருக்கிறதா (சில நூறு ரூபாய் ஹோஸுக்காக வடிகட்டியையே மாற்றுகிற கூத்து நடக்கிறது), எயார் பில்டர் அடைத்திருக்கிறதா, டேர்போவிலிருந்து உள்ளே போகும் ஹோஸ் கிளம்பியிருக்கிறதா, புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குள் திருப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டதா, இன்ஜெக்டர் ஏதும் ஒழுகுகிறதா. இவற்றில் ஒன்று இருந்தால் எரிப்பு கரியோடு போட்டி போட்டுத் தோற்கும்.

### டீசலும் ஒயிலும்

இந்த இயந்திரங்கள் 10 அல்லது 15 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) கந்தகம் உள்ள டீசலுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே எரிபொருள் செட்டில் யூரோ 4 தரம் என்று விற்கப்படும் சுப்பர் டீசல் அதற்குக் கிட்ட வருகிறது. யூரோ 4இன் மேல் வரம்பு 50 பிபிஎம். ஓட்டோ டீசலில் கந்தகம் அதைவிடக் கூட. கந்தகம் வினையூக்கியில் படிந்தால் அது வேலை தொடங்கும் சூடு மேலே போகும். அப்போது எரிப்புக்கென்று அடிக்கிற டீசல் எரியாமலே தாண்டிப் போகும், வடிகட்டி சூடாகாது, சுவிச்சை அமத்தி அரை மணி நேரம் நின்றும் பலன் இருக்காது. உள்வயல் பக்கச் செட்களில் சுப்பர் டீசல் கிடைக்காத நாள் வரும் என்பதால், போகத்துக்கு முன்பே சுத்தமான மூடிய பரலில் எடுத்து வைப்பது நல்லது. அடியில் தண்ணீர் தேங்கும், ஆகவே கடைசி ஐந்து சென்ரிமீற்றரை உறிஞ்ச வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் கொமன் ரெயில் பம்பையே அரைத்துவிடும்.

ஒயில் 15டபிள்யூ-40 என்று கேட்டால் போதாது. டின்னில் சிஜே-4 அல்லது சிகே-4, அல்லது ஜப்பானியக் குறியீடான டிஎச்-2 இருக்க வேண்டும். இவற்றில் சாம்பல் அளவு ஒரு வீதத்தை ஒட்டியே இருக்கும். பழைய தர ஒயில் விலை குறைவு, ஆனால் அந்த விலை வித்தியாசம் முழுவதும் வடிகட்டிக்குள் சாம்பலாகப் போய்க் குந்தும்.

## வழி 3: கழற்றிச் சுத்தம் செய்வது

3,000 மணி நேரத்தை ஒட்டிச் சாம்பல் எடுக்கச் சொல்வது பல தயாரிப்பாளர்களின் கணக்கு. வருடத்துக்கு 500 மணி ஓடும் மிஷினுக்கு ஆறு வருடம். தவறான ஒயில் ஊற்றியிருந்தாலோ டேர்போ ஒயில் விட்டாலோ பாதியிலேயே வரும். எரித்த பிறகும் வலு வராமல், எரிப்புக்கு எரிப்பு இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் அது சாம்பல்.

சரியான முறை இது: வடிகட்டியின் எடையையும் காற்றோட்டத்தையும் முதலில் அளப்பார்கள். உலையில் மெதுவாக 600 டிகிரி வரை ஏற்றிப் பல மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே வரும் பக்கத்தை நோக்கிக் காற்றால் ஊதுவார்கள். திரும்ப எடை போடுவார்கள். இரண்டு எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எடை குறையாமல் வந்த வடிகட்டி சுத்தமாகி வரவில்லை.

சேர்விஸ் ஸ்டேசன் தண்ணீர் பம்பால் அடிப்பது, பெற்றோல் ஊற்றுவது, அமிலம் விடுவது, கம்பியால் குத்துவது எல்லாம் வடிகட்டியைக் கொல்லும். நனைந்த சாம்பல் வடிகட்டியின் நுண்குழாய்களின் அடியில் சீமெந்து மாதிரி இறுகிவிடும். பீங்கானின் ஒரு சுவர் உடைந்தால் கரி நேரே வெளியே வரும். சுத்தமாகி வந்த வடிகட்டியின் வெளியேறும் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் உள்ளே வெடிப்பு இருக்கிறது.

மறைந்த செலவுகள் மூன்று. கொழும்புப் பக்கம் அனுப்ப நேர்ந்தால் போக்குவரத்தும் மிஷின் நிற்கும் நாட்களும். திரும்பப் பூட்டும்போது புதிய கஸ்கற்றும் கிளாம்பும், ஏனென்றால் பழையது கசிந்தால் சென்சர் பொய் சொல்லும். கடைசியாக, கணினியிலுள்ள சாம்பல் கணக்கை ஸ்கேனரால் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. இதைச் செய்யாவிட்டால் வடிகட்டி சுத்தமாக இருந்தும் கணினி நிறைந்ததாகவே நினைக்கும். வேலைக்குக் கொடுக்குமுன் இதையும் சேர்த்து விலை பேசுங்கள்.

நல்ல காலம் எது என்றால் போகங்களுக்கு இடையிலான ஓய்வு. மாசி பங்குனியில் அறுவடை முடிந்து சிறுபோக வேலை சூடு பிடிக்குமுன் ஓர் இடைவெளி இருக்கிறது. விளக்கு எரியும்வரை காத்திருந்தால் அது சேறடிப்பில்தான் எரியும்.

## வழி 4: புதியது போடுவது

வெடித்த, உருகிய வடிகட்டிக்கு வேறு வழியில்லை. எஞ்சின் இலக்கத்தை வைத்துப் பாகத்தை எடுங்கள், ட்ரக்டர் மாடலை மட்டும் வைத்து எடுத்தால் மாறிவிடும். விலை குறைந்த மாற்றுப் பாகங்களில் வினையூக்கிப் பூச்சு மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும், அவற்றில் எரிப்பு ஒழுங்காகத் தொடங்காது. பழையது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்டுவது பணத்தைப் புகைபோக்கியில் போடுவதுதான்: ஒழுகும் இன்ஜெக்டர் புதிய வடிகட்டியையும் ஒரு போகத்தில் முடித்துவிடும்.

## வழி 5: குடைந்து எறிவது

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே இருக்கும் பீங்கானை எடுத்ததும் அழுத்த வித்தியாசம் பூச்சியமாகும். கணினி அதைப் பிழையாக எடுத்து வலுவைக் குறைக்கும். ஆகவே கணினியின் புரோகிராமையும் மாற்ற வேண்டும். அந்தக் கோப்பு யார் செய்தது, உங்கள் எஞ்சினுக்கே செய்ததா என்று சரிபார்க்க உங்களுக்கு வழியில்லை. பிந்திய ஊசியடிப்பை முழுதாக நிறுத்தாத கோப்பு என்றால் டீசல் தொடர்ந்து ஒயிலில் இறங்கும். டீசல் அளவைக் கூட்டிவிட்ட கோப்பு என்றால் முதல் கிழமை "நல்லா இழுக்குது" என்று இருக்கும், பிறகு புகைச் சூடு ஏறி, அதே சூடு தண்ணீருக்கு வந்து, சூடான கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாத உழவில் முள் சிவப்பில் நிற்கும். பிறகு ஒரு கோளாறு வந்தால் முகவரின் ஸ்கேனர் வாசிக்கிற எதையும் நம்ப முடியாது.

உடம்பையும் நினைக்க வேண்டும். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் முதலாம் வகுப்பில் சேர்த்தது. கபின் இல்லாத சிறு ட்ரக்டரில் ஓட்டுபவர் புகைபோக்கிக்கு இரண்டு மீற்றருக்குள் நாள் முழுதும் இருக்கிறார். வரம்பில் நிற்கிறவரும் மண்கட்டி உடைக்கிறவரும் அதே புகையில்தான். நாங்கள் இந்த வழியைச் சொல்ல மாட்டோம். வடிகட்டியோடு வாழ முடியாது என்று முடிவு செய்தால், அந்த மிஷினை உள்ளபடியே விற்று, வடிகட்டி இல்லாமல் வடிவமைத்த மிஷினை வாங்குவது கணக்கிலும் நியாயத்திலும் நல்லது.

## ஒரே இடத்தில்

| வழி | எந்த அடைப்புக்கு | மிஷின் நிற்கும் நேரம் | கையிலிருந்து போவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஓடியபடி எரிப்பு | தொடக்கக் கரி | இல்லை | கொஞ்சம் டீசல் | பாதியில் நிறுத்தினால் ஒயிலில் டீசல் |
| நிறுத்தி எரிப்பு | சேர்ந்த கரி | ஒரு மணி நேரத்துக்குள் | ஒன்றிரண்டு லீற்றர் டீசல் | தீ ஆபத்து, பலவீனமான றேடியேற்றர் |
| கழற்றிச் சுத்தம் | சாம்பல் | சில நாள் முதல் ஒரு கிழமை | நடுத்தரம் | கஸ்கற், போக்குவரத்து, ரீசெற் |
| புதியது | வெடிப்பு, உருகல் | பாகம் வரும்வரை | மிக அதிகம் | காரணம் தீராவிட்டால் இரண்டாந்தரமும் |
| குடைந்து எறிதல் | எதையும் தீர்க்காது | ஓரிரு நாள் | நடுத்தரம் | ஒயில், சூடு, புகை, விற்பனை விலை |

## சூட்டு முள்ளுக்கு: எங்கிருந்து தொடங்குவது

மேலே எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் றேடியேற்றரைச் சரி பண்ணாமல் தொடங்கக் கூடாது. மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போங்கள்.

முதலில் சல்லடை. பல சிறு ட்ரக்டர்களில் றேடியேற்றருக்கு முன்னால் இழுத்தெடுக்கும் வலை ஒன்று இருக்கும். அறுவடை வயலில் சண்டும் பதரும் இரண்டு மணி நேரத்தில் அதைத் துணி போல மூடிவிடும். வலையைக் கழற்றித் தட்டியதோடு வேலை முடியாது. வலைக்கும் றேடியேற்றருக்கும், றேடியேற்றருக்கும் ஏசி கொண்டென்சர் இருந்தால் அதற்கும் இடையில் விரலை விட்டுப் பாருங்கள், மெத்தை மாதிரி ஒரு படை கையில் வரும். காற்றை விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, இரண்டு பாருக்கு மேற்படாமல் அடியுங்கள். முன்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி உள்ளே இறுகும். அழுத்தத் தண்ணீர் பம்ப் பிடித்தால் இதழ்கள் மடிந்து போகும், மடிந்த இதழ் வழியாகக் காற்றுப் போகாது.

அடுத்தது பெல்ட். இரண்டு கப்பிக்கும் நடுவில் பத்துக் கிலோ அளவுக்குப் பெருவிரலால் அமத்தினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். அதைவிடக் கூட இறங்கினால் விசிறி வழுக்குகிறது.

பிறகு மூடி. 0.9 பார் அழுத்த மூடி ஒழுங்காக இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியில் 100இலேயே கொதித்து வெளியே தள்ளும். றேடியேற்றர் வேலையோடு ஒப்பிட்டால் மூடியின் விலை ஒன்றுமில்லை, ஆனால் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு உட்பக்க அடைப்பு. கடலோர எழுவான்கரைக் கிணற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஊற்றிப் பழகிய றேடியேற்றரில் உப்பும் சேறும் குழாய்களை மூடியிருக்கும். கை வெப்பமானியை றேடியேற்றர் முகத்தில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். சூடான முகத்தில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் வந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. கழுவி, வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிப் பாதி கலந்து நிரப்புவது ஒரு தரம் செலவு. கிணற்றுத் தண்ணீரே ஊற்றுவது இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புதிய றேடியேற்றர்.

முள் சிவப்பில் ஏறிவிட்டால் பாரத்தை விட்டு, பிடிஓவை நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். தண்ணீர் வெளியே தள்ளுகிறதென்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சூடான மூடியைத் திறக்க வேண்டாம், சூடான புளொக்கில் வாய்க்கால் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஹெட் வெடிப்பது அப்படித்தான். பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் உதவாது. விசிறி இழுக்கவேண்டிய காற்று றேடியேற்றர் வழியாக வராமல் பக்கத்தால் வரும், திறந்து கிடக்கும் டிபிஎஃப்பில் வைக்கோல் போய் விழும்.

## இன்னும் வாங்காதவர்களுக்கு

ஐந்து ஏக்கருக்குள் சொந்த வெள்ளாமை, வருடத்துக்கு 200 மணிக்குக் கீழே ஓட்டம், பெரும்பாலும் லேசான வேலை என்றால் 25 குதிரைவலுவுக்குக் கீழே, வடிகட்டி இல்லாத மிஷின் போதும். கூலிக்கு உழவு ஓட்டுபவர், ஆனால் சுப்பர் டீசல் கிட்ட இல்லை, ஸ்கேனர் உள்ள முகவரும் கிட்ட இல்லை என்றால் மெக்கானிக்கல் பம்ப் உள்ள 50 குதிரைவலுவுக்குக் கீழான ட்ரக்டர் பாதுகாப்பு. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், புகையும் கூட, ஆனால் கொக்கட்டிச்சோலையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள கராஜிலேயே முடியும்.

நாள் முழுதும் பாரத்தில் ஓடுகிற, ஒரே ஓட்டுநர் பொறுப்பாகப் பார்க்கிற, நல்ல டீசல் கிடைக்கிற மிஷினுக்கு டிபிஎஃப் உள்ளது பிழையில்லை. பாவித்ததை வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வடிகட்டி ஒரு தரமாவது கழற்றிச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா, சுவிச்சை அமத்தினால் உங்கள் முன்னால் எரிப்பு தொடங்கி முடிகிறதா, எரிப்பு முடிந்து எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டுக்குக் கீழே நிற்கிறதா. விற்பவர் அந்த அரை மணி நேரம் காத்திருக்க மறுத்தால் அந்த மிஷினை விட்டு வாருங்கள்.